கட்டுத்துவக்கு காவலாகாது

காலபோக நெல் குடலைப் பருவத்தை எட்டிவிட்டால் வன்னிப் பெருநிலத்திலும் மட்டக்களப்பின் படுவான்கரையிலும் கமக்காரன் வீட்டில் உறக்கம் ஒழிந்துவிடுகின்றது. பகலெல்லாம் சேற்றில் நின்றவன் இரவெல்லாம் பரணில் விழித்திருக்க வேண்டியவனாகின்றான். யானை புகுந்தால் ஒரு பருவத்து உழைப்பு ஓரிரவிற் போய்விடும். பன்றிக் கூட்டம் இறங்கினால் கதிரோடு வரம்பும் கிளறுண்டு போகும். பொழுது விடிந்ததும் மயிலும் குரங்கும் தம் பங்குக்கு வந்து சேரும். கடன்பட்டு விதைத்து, கடன்பட்டுப் பசளை இட்டு, மழையையும் தெய்வத்தையும் நம்பியிருந்தவனுடைய படலைக்கு, அறுவடை நாள் வருமுன்னே கடன் கொடுத்தவன் வந்துவிடுகின்றான்.

அரசியலமைப்பையும் சமஷ்டியையும் பற்றிப் பேச வேண்டிய பத்திரிகையிற் பன்றியையும் குரங்கையும் பற்றி எழுதுவதா என்று பட்டினத்து அன்பர் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றே. உழுதவன் தன் மண்ணை விட்டு வெளியேறுவானாயின், பாராளுமன்றத்தில் நாம் எத்துணை நாவன்மையோடு வாதாடினாலும் தாயகம் என்பது வெறும் சொல்லாகவே எஞ்சும். காட்டோரக் கிராமங்களில் நிலத்தைக் கைவிடுதற்கு இன்று சொல்லப்படும் காரணங்களுள் விலங்குத் தொல்லை முன்னிற்கின்றது. ஆகவே இஃது அரசியற் பிரச்சினையே.

வயலைக் காத்தல் நமக்குப் புதிய தொழிலன்று. குறிஞ்சி நிலத்து மகளிர் பரண்மீதிருந்து தினைப்புனம் காத்ததையும், கவண் எறிந்து கிளி கடிந்ததையும், யானைக்கும் பன்றிக்கும் அஞ்சி ஆடவர் இரவிற் காவலிருந்ததையும் சங்கச் செய்யுட்கள் விரித்துரைக்கின்றன. அக்காவலில் விழித்திருந்தது மனிதனுடைய கண். இன்று அக்கண்ணின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொண்டிருக்கின்றது. அதுவே கட்டுத்துவக்கு.

கள்ளத்தனமாகச் செய்த குழாய் ஒன்றில் மருந்தும் ஈயமும் இட்டு, மரத்திலோ முளையிலோ கட்டி, விலங்கு நடமாடும் தடத்துக்குக் குறுக்கே கம்பியை இழுத்துவிடுகின்றனர். கம்பியிற் கால் பட்டதும் அது வெடிக்கும். வைத்தவன் வீட்டில் உறங்குவான். வந்தது பன்றியா, பக்கத்து வயற்காரனா, மாடு தேடிப் போன சிறுவனா என்று துவக்குக் கேட்பதில்லை. பன்றியின் உயரத்துக்குக் கட்டிய குழாய் மனிதனின் முழங்காலையும் தொடையையும் சிதைக்கின்றது. விறகுக்கும் தேனுக்கும் போனவர்கள் காலிழந்து திரும்புவதும், சிலர் திரும்பாமலே போவதும் நம் பத்திரிகைகளின் மூலைச் செய்திகளாகிவிட்டன. அடிபடுவோரிற் பெரும்பாலோர் யார்? அவர்களும் கமக்காரரே. ஓர் ஏழை தன் பயிரைக் காக்க வைத்த பொறியில் மற்றோர் ஏழை விழுகின்றான்.

“என் காணிக்குள் நான் வைத்தேன், கேளாமல் வந்தவன் அடிபட்டான், எனக்கென்ன குற்றம்?” என்று கேட்போர் உளர். இந்தக் கேள்விக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே விடை கிடைத்துவிட்டது. இங்கிலாந்தில் ஒருவர் தம் பூந்தோட்டத்துப் பூக்கள் களவு போவதைக் கண்டு அங்கே பொறித்துவக்கு ஒன்றை வைத்தார். எச்சரிக்கைப் பலகை எதுவும் வைக்கவில்லை. அயலாருடைய மயில் ஒன்று தப்பிப் பறந்து அத்தோட்டத்துள் இறங்கிற்று. அதனைப் பிடித்துக் கொடுக்க மதிலேறிக் குதித்த இளைஞன் ஒருவனின் முழங்காலைத் துவக்குச் சிதைத்தது. 1828ஆம் ஆண்டில் அவ்வழக்கைத் தீர்த்த நீதிமன்றம், துவக்கு வைத்தவரே பொறுப்பாளி என்று கூறியது. அதற்கு முந்திய ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றம் இரவில் வீட்டைக் காத்தற்கு வைப்பது தவிர்ந்த பொறித்துவக்குகளைத் தடுத்துச் சட்டம் செய்திருந்தது. தான் நேரில் நின்று செய்யத் துணியாத கொடுமையை ஒரு கருவியை வைத்துச் செய்விக்க எவருக்கும் உரிமை இல்லை என்பதே அதன் தாற்பரியம். காணி உறுதி கையிலிருக்கலாம். அயலான் உயிர்மீது அவ்வுறுதி செல்லாது.

நம் நாட்டுச் சட்டமும் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 298ஆம் பிரிவு, அவதானமற்ற அல்லது கவனயீனமான செயலால் மரணம் விளைவித்தவனுக்கு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. வைத்தவனுடைய எண்ணமும் அறிவும் எத்தகையன என்பதைப் பொறுத்து இதனினும் பாரதூரமான குற்றச்சாட்டு எழவும் கூடும். உரிமமற்ற துவக்கை வைத்திருத்தல் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்கீழ்த் தனிக்குற்றம். நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டு, பிணைக்கும் வழக்குக்கும் காணியை ஈடு வைத்து, எந்த வயலைக் காக்கத் துவக்கைக் கட்டினானோ அந்த வயலையே இழந்து நிற்கும் கமக்காரனை எமது தொழிலில் நாம் காண்கின்றோம். பன்றி தின்றிருந்தால் ஒரு போகத்து விளைவே போயிருக்கும்.

இரண்டாவது பாதகம் பன்றிவெடி. தென்னிலங்கையில் ‘ஹக்க பட்டாஸ்’ என வழங்குவது இதுவே. பழத்திலோ பூசணியிலோ தீனியிலோ வெடிமருந்தைப் பொதிந்து வைக்கின்றனர். கடித்த விலங்கின் வாய் சிதறிப் போகின்றது. பன்றிக்கு வைத்ததை யானைக் கன்று கடிக்கின்றது, பசு கடிக்கின்றது. வாயுடைந்த விலங்கு உடனே சாவதில்லை. உண்ணவும் பருகவும் இயலாமல் நாட்கணக்காக அலைந்து சாகின்றது. பிள்ளையாருக்கு மோதகம் படைத்துத் தோப்புக்கரணம் போடுகின்ற கையே அவர் முகங்கொண்ட உயிரின் வாயில் வெடி வைக்கலாமா என்று கேட்க எமக்குக் கூசுகின்றது. ஆயினும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

இந்தக் கருவிகள் எவ்வளவு எளிதாக அரசியற் கருவிகளாகின்றன என்பதற்கு மட்டக்களப்பு மயிலத்தமடு, பெரிய மாதவனை மேய்ச்சற்றரையே சாட்சி. தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்த பண்ணையாளர், வெளியிடத்தார் அங்கு வந்து பயிர் செய்யத் தொடங்கிய பின் தம் மாடுகள் வெடியாலும் சுருக்காலும் மின்கம்பியாலும் கொல்லப்படுகின்றன என முறையிட்டனர். 2023ஆம் ஆண்டு செப்டெம்பரிற் சித்தாண்டியிற் போராட்டத்தில் அமர்ந்தனர். ‘பயிர்க் காவல்’ என்ற பெயரில் வைத்த வெடி ஒரு சமூகத்தின் சீவனோபாயத்தையே வேரறுக்கக்கூடும் என்பதை அவர்கள் கண்ணீரோடு எடுத்துரைத்தனர். அங்கே அதனைக் கண்டிக்கும் நாம், நம் ஊரில் அதே வெடியை நம் கையால் வைப்போமாயின் எந்த முகத்தோடு நியாயம் கேட்பது?

மூன்றாவது, வீட்டு மின்சாரத்தைக் கம்பியில் ஏற்றி வயலைச் சுற்றி விடுதல். முறையான மின்வேலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் அறியார். முறையான வேலியில் அதற்கென அமைந்த கருவி ஏறத்தாழ ஒரு விநாடிக்கு ஒரு தடவை, கண நேரத்துடிப்பாக மட்டுமே மின்னை அனுப்பும். அது சுரீரென அதிர்ச்சி தந்து விலக்குமேயன்றிக் கொல்வதில்லை. வீட்டு மின்சாரமோ இடைவிடாது பாய்ந்து, பிடித்த உடலை விடாமல் கொன்றே தீரும். அதிகாலையில் நீர் பாய்ச்சப் போன தந்தையும், தந்தையைத் தேடிப் போன மகனும் ஒரே கம்பியில் மாளக்கூடும். இதுவும் குற்றம், இதற்கும் மன்னிப்பில்லை.

இவை தனியொருவன் தனிமையிற் செய்யும் பிழைகள். கூட்டம் கூடிச் செய்யும் பிழையும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கிளிநொச்சி அம்பாள்குளத்திற் குடிமனைக்குள் வந்த சிறுத்தை ஒன்று பலரைக் காயப்படுத்தியது. பின்னர் மக்கள் அதனை அடித்துக் கொன்றனர். அக்காட்சி கைத்தொலைபேசிகளில் உலகெங்கும் பரவியது, கைதுகள் தொடர்ந்தன. இரத்தங் கண்ட ஊரின் அச்சத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால் சிறுத்தையைச் சூழ்ந்து நின்று கூச்சலிட்ட ஒவ்வொருவரும் அதற்குத் தப்பும் வழியை அடைத்தனர் என்பதையும், அதனாலேயே காயமுற்றோர் தொகை பெருகியது என்பதையும் சொல்லியாக வேண்டும். வழிவிட்டு விலகி நின்று, உரியவர்களை அழைப்பதே உயிர்காக்கும் முறை.

இவ்வளவையும் சொன்னபின், குற்றவாளிக் கூண்டிற் கமக்காரனை மட்டும் நிறுத்திவிட்டுப் போவோமாயின் நாமும் கொழும்பிலிருந்து ஞானோபதேசம் செய்வோருடன் சேர்ந்தவர்களாவோம். கூண்டில் ஏற வேண்டிய இன்னொரு எதிரி உண்டு. அதுவே அரசாங்கம்.

உரோம-டச்சுச் சட்ட மரபின்படி காட்டு விலங்கு எவருடைய உடைமையும் அன்று. பிடித்தவனே அதற்கு உரியவன். 1937ஆம் ஆண்டின் விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன்பின் வந்த திருத்தங்களும் அந்நிலையை மாற்றின. யானையைத் தொடாதே, சுடாதே, பிடிக்காதே என்று அரசாங்கம் கமக்காரனுடைய கையைக் கட்டிவிட்டது. கட்டியது சரியே, அக்கட்டு இல்லாதிருந்தால் இத்தீவில் யானை என்றோ அருகியிருக்கும். ஆனால் ஒருவனுடைய கையைக் கட்டியவன் அவனுடைய தலைக்குப் பொறுப்பேற்க வேண்டாமா? ஆட்டுக்காரனுடைய ஆடு அயலான் பயிரைத் தின்றால் ஆட்டுக்காரன் நட்டஈடு கொடுக்கின்றான். ‘என் பாதுகாப்பில் உள்ள விலங்கு’ என்று அரசாங்கம் சொல்லும் யானை தின்றால், அரசாங்கம் அதனை இயற்கையின் சீற்றம் என்கின்றது. உரிமை கொண்டாடும்போது உடையவன். நட்டம் கேட்கும்போது அயலான். இந்நியாயம் எந்தக் கச்சேரியிற் செல்லும்?

காட்டு விலங்கு ஊருக்குள் வந்ததா, ஊர் காட்டுக்குள் போனதா என்பதையும் பார்க்க வேண்டும். 1949ஆம் ஆண்டிற் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது கிழக்கின் பெருங்காடுகள் வெட்டப்பட்டன. 1954இல் அங்கே தேசியப் பூங்கா ஒன்று பிரகடனஞ் செய்யப்பட்டது. அத்திட்டத்தினால் தமிழ் பேசும் மக்களின் குடிப்பரம்பல் எவ்வாறு மாற்றப்பட்டது என்பதை நம் வாசகருக்கு நாம் நினைவூட்ட வேண்டியதில்லை. குடியேற்றத் திட்டம் வரைந்தவர்கள் அம்மண்ணிலிருந்த மனிதரையும் எண்ணவில்லை; யானை வலசை போகும் பாதையையும் எண்ணவில்லை. 1977க்குப் பின் விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டமும் காட்டை மேலும் துண்டாடிற்று. 2021இல் வெளிவந்த ஆய்வொன்றின்படி இந்நாட்டு நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில் யானை நடமாடுகின்றது. அப்பரப்பில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கின்றனர். யானை காட்டில், மனிதன் நாட்டில் என்று பிரித்துப் பேசுவது வரைபடத்துக்கே பொருந்தாத பேச்சு.

அப்பேச்சை நம்பியே அரசாங்கம் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் மின்வேலியை இழுத்திருக்கின்றது. அவற்றிற் பல, வனசீவராசிகள் திணைக்களத்தின் காட்டுக்கும் வனத் திணைக்களத்தின் காட்டுக்கும் இடையிலான நிர்வாக எல்லையில் நிற்கின்றன. இரு புறமும் காடு, இரு புறமும் யானை, நடுவில் வேலி! எந்த யானையை எந்தப் பக்கத்தில் நிறுத்த அந்த வேலி? ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையில், 2020ஆம் ஆண்டில் இதற்கு மாற்று வழியைத் தெளிவாக வகுத்துக் கொடுத்தது. யானையை அடைக்கும் வேலியை விடுத்து, ஊரைச் சுற்றி நிலையான வேலியும், வயலைச் சுற்றிப் பயிருள்ள காலத்துக்கு மட்டும் நின்று அறுவடைக்குப் பின் கழற்றப்படும் வேலியும் வேண்டும்; அவற்றை அவ்வூர் மக்களே பராமரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். திட்டம் கையிலிருக்க, 2023ஆம் ஆண்டில் மட்டும் நானூறுக்கு மேற்பட்ட யானைகளும் நூற்றைம்பதுக்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

திட்டத்தை நிறைவேற்ற நேரமில்லாத அரசுக்கு வேடிக்கைக்கு நேரம் இருந்தது. 2023ஆம் ஆண்டில் ஓர் இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பலாம் என்று மந்திரி ஒருவர் சொன்னார். வழக்கு எழுந்ததும் அத்தகைய நடவடிக்கை இல்லை என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு அறிவிக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணி முதல் ஐந்து நிமிடத்துக்கு நாடு முழுவதும் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணும்படி மக்கள் பணிக்கப்பட்டனர். எண்ணுவதை நாம் குறை கூறவில்லை. எண்ணிக்கை தெரியாமற் கொள்கை வகுக்க இயலாது. ஆனால் எண்ணியபின் என்ன என்ற கேள்விக்குத் தோட்டத்தில் நின்றவனுக்கு விடை சொல்ல வேண்டும்.

நட்டஈட்டின் நிலையும் இதுவே. மரணத்துக்கும் காயத்துக்கும் வீட்டுச் சேதத்துக்கும் வனசீவராசிகள் திணைக்களம் நட்டஈடு வழங்கும் ஒழுங்கு உண்டு. பயிருக்கு அரசாங்கக் காப்புறுதி உண்டு. அது வறட்சி, வெள்ளம், காட்டு யானை என்னும் மூன்றையே பிரதானமாகக் கருதி அமைந்தது. பன்றி அழித்த வயலுக்கும், குரங்கு உதிர்த்த தென்னைக்கும், மயில் கொத்திய விதைக்கும் யார் பொறுப்பு? காகிதங்களை நிரப்பி, கிராம அலுவலரின் கையொப்பம் பெற்று, பஸ் ஏறிப் பட்டினம் போய், நாளைக்கு வா என்று கேட்டுத் திரும்பும் செலவு சில வேளைகளில் நட்டஈட்டையே விழுங்கிவிடுகின்றது.

இத்துயர் தமிழனுக்கு மட்டும் உரியதன்று. அநுராதபுரத்துச் சிங்களக் கமக்காரனும், அம்பாறை மாவட்டத்து முஸ்லிம் கமக்காரனும் இதே பரணில் இதே இரவைக் கழிக்கின்றனர். யானை இனம் பார்த்து மிதிப்பதில்லை. ஆயினும் வடக்கிலும் கிழக்கிலும் இச்சுமைமீது வேறு சில சுமைகள் ஏறியுள்ளன. போரினால் இடம்பெயர்ந்த ஆண்டுகளில் வயல்கள் காடாயின. திரும்பி வந்தவன் தன் தகப்பன் உழுத நிலத்தைத் துப்புரவு செய்யப் போனால், அது காட்டு எல்லைக்குள் அடங்கிவிட்டது என்று கல் நாட்டப்பட்டிருக்கின்றது. 2015ஆம் ஆண்டில் மடு வீதி, சுண்டிக்குளம், நெடுந்தீவு, இராமர் அணை ஆகிய நான்கும் தேசியப் பூங்காக்களாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன. காட்டைக் காத்தல் நன்றே. அக்காட்டின் எல்லையை வரையும் மேசையில் அவ்வூரான் ஒருவனுக்கும் ஆசனம் இல்லை என்பதே எமது முறைப்பாடு. இவற்றைப் பேசித் தீர்த்திருக்கக்கூடிய மாகாண சபைகளோ, கிழக்கில் 2017இலும் வடக்கில் 2018இலும் காலம் முடிந்தபின் 2025 வரை தேர்தலே காணவில்லை. 13ஆம் திருத்தம் 1987இல் ஏட்டில் எழுதிய காணி அதிகாரம் ஏட்டிலேயே கிடக்கின்றது.

மொழியும் இங்கே வந்து நிற்கின்றது. 1988ஆம் ஆண்டின் 16ஆம் திருத்தத்துக்குப் பின் வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிருவாக மொழி என்பது அரசியலமைப்பு. ஆனால் யானை அடித்த செய்தியைச் சொல்லப் போனவன், தனக்கு விளங்காத எழுத்தில் எழுதிய முறைப்பாட்டின் கீழ் ஒப்பமிட்டுத் திரும்பும் நிலை இன்னும் முற்றாக ஒழியவில்லை. அதில் ஒரு சொல் பிசகினால் நட்டஈடு போயிற்று.

அரசாங்கத்தைக் கூண்டில் ஏற்றியபின் நம்மையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் அம்பாறைப் பள்ளக்காட்டின் படத்தை வெளியிட்டன. சுற்றுப்புறச் சபைகள் கொட்டிய குப்பையில் நின்று யானைகள் பொலித்தீன் தின்னும் படம். எட்டு ஆண்டுகளில் இருபதளவு யானைகள் அங்கே மாண்டன என்று செய்தி கூறிற்று. அக்குப்பையைக் கொட்டியது கொழும்பு அன்று. மக்கள் வாக்களித்துத் தெரிந்த உள்ளூர்ச் சபைகளே. குப்பை நாற்றம் யானையை அழைக்கும். எஞ்சிய சோறு குரங்கைப் பழக்கும். குவிந்த கழிவு எலியையும், எலி பாம்பையும் கொண்டுவரும். சபை மண்டபத்திற் சமஷ்டி பற்றித் தீர்மானம் நிறைவேற்றும் அங்கத்தவர், சபையின் குப்பைமேட்டுக்கு ஒரு வேலி அடைக்கத் தீர்மானிப்பதற்கு யாருடைய அனுமதியைக் காத்திருக்கின்றார்?

காணிக்குள் மறைந்திருக்கும் பிற ஆபத்துகளும் இத்தகையனவே. நாடளாவிய கணக்கெடுப்பு ஒன்றின்படி, 2016இல் வெளிவந்த அதன் முடிவு, ஆண்டொன்றில் ஏறத்தாழ 80,000 பேரைப் பாம்பு தீண்டுகின்றது. நானூறுக்கு மேற்பட்டோர் சாகின்றனர் என்கின்றது. விரியன் தரையிற் படுத்துறங்குபவனை இரவிற் கடிக்கின்றது; புடையன் வரம்பிலும் வைக்கோலிலும் கிடக்கின்றது. பாயை விட்டுக் கட்டிலில் உறங்குதல், இரவில் விளக்கோடு நடத்தல், முற்றத்தில் ஓட்டையும் கல்லையும் குவித்து வைக்காதிருத்தல் ஆகியவற்றுக்கு மந்திரியின் உத்தரவு வேண்டுவதில்லை. கடியுண்டவனைக் கீறாமலும் இறுகக் கட்டாமலும் நேரே ஆசுபத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். போர்க்காலத்திற் கைவிடப்பட்டு, புல் மூடிக் கிடக்கும் கட்டில்லாக் கிணறுகள் பிள்ளையையும் விழுங்கும். யானைக் கன்றையும் விழுங்கும். அவற்றை மூடுதல் காணிக்காரன் கடமை. மூடுவித்தல் பிரதேச சபையின் கடமை. புதைந்த கண்ணிவெடிகளை முற்றாக அகற்ற 2017இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின்படி அரசாங்கத்துக்குள்ள தவணை 2028ஆம் ஆண்டு ஜூன். அதுவரை, மழை அரித்த புதுநிலத்தில் ஐயமான இரும்பு எதனையும் தொடாதிருப்பதே உயிர்க்காவல்.

இனிச் செய்ய வேண்டியது யாது? நாம் முன்வைப்பன ஐந்து.

முதலாவது, ஒவ்வொரு போகத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலும் கட்டுத்துவக்கும் பன்றிவெடியும் வீட்டு மின்கம்பியும் எம் ஊரில் இல்லை என்று கமக்காரர் அமைப்புகள் தீர்மானம் நிறைவேற்றட்டும். பன்றி தீர்மானத்தைக் கேட்குமா என்று சிரிக்க வேண்டாம். பன்றி கேளாது, வைப்பவன் கேட்பான். நாலு பேர் அறிய நிறைவேறிய தீர்மானத்தை மீறித் துவக்குக் கட்டுபவன், பொலிசாருக்கு அஞ்சாவிடினும் பக்கத்து வரம்புக்காரனுக்கு அஞ்சுவான்.

இரண்டாவது, வேலி பொதுவாகட்டும். நிலத்தின் அளவுக்கேற்பத் தத்தம் பங்கு வேலியை அடைத்தலும், அடைக்கும் நாளையும் மாடு அகற்றும் நாளையும் கூட்டத்திற் குறித்தலும், வட்டவிதானையார் பார்த்து உறுதி செய்தலும் நம் பழைய வயல் வழமை. நீர்ப்பாசன, நெற்செய்கை வழமைகளை மீண்டும் நிலைநாட்டவே ஆங்கிலேயர் 1856இல் ஒரு கட்டளைச் சட்டம் செய்தனர். அந்நியன் மதித்த வழமையை நாம் கைவிட்டுவிட்டோம். அவ்வழமையைப் பருவகால மின்வேலிக்குப் பொருத்துவதில் என்ன தடை? ஒரு அடி வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றப் படி ஏறுவதிற் பெயர்பெற்றவர்கள் நாம். அந்த வீம்பிற் பாதியை வேலியைச் சேர்ந்து அடைப்பதிற் காட்டினால் எந்த யானையும் உள்ளே வராது. எல்லோரும் ஒரே காலத்தில் விதைத்து ஒரே காலத்தில் அறுத்தாற் காவற்காலமும் குறுகும்.

மூன்றாவது, 2020ஆம் ஆண்டுச் செயற்றிட்டத்தின்படி அவ்வேலிக்கான கருவியையும் கம்பியையும் அரசாங்கம் தருதல் வேண்டும். காட்டு நடுவில் நிற்கும் பயனற்ற வேலியைக் கழற்றினாலே அதிற் கணிசமான பங்கு கிடைத்துவிடும்.

நான்காவது, பாதுகாக்கப்பட்ட விலங்கால் நேரும் நட்டம் அரசின் கடனென்று சட்டத்தில் எழுதப்பட வேண்டும். சலுகையாகத் தரப்படுவதை மறுக்கலாம்; கடனை மறுக்க முடியாது. பன்றி, குரங்கு, மயில் ஆகியவற்றின் சேதமும் காப்புறுதியில் அடங்க வேண்டும். முறைப்பாடு தமிழில் எழுதப்பட்டு, குறித்த நாட்களுக்குள் தீர்க்கப்பட வேண்டும்.

ஐந்தாவது, வடக்கிலும் கிழக்கிலும் காட்டெல்லை வரையும்போது அவ்வூர் மக்களின் பிரதிநிதிகள் உடனிருக்க வேண்டும். அதற்கு மாகாண சபை வேண்டும். அச்சபைக்குக் காணி அதிகாரம் வேண்டும்.

இவ்வைந்தில் முதலிரண்டும் நம் கையில் உள்ளன. பின் மூன்றும் அரசாங்கத்தின் கையில் உள்ளன. நம் கையில் உள்ளதை நாம் செய்து முடித்தபின், அரசாங்கத்தின் முன் நிற்கும் நம் குரலுக்கு வேறொரு கனம் வரும். வெடி வைத்தவன் கேட்டால் அதிகாரி சட்டப் புத்தகத்தைத் திறப்பான். வேலி அடைத்தவன் கேட்டால் அதிகாரியே பதில் சொல்லியாக வேண்டும்.

கட்சித் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தற் காலத்தில் மட்டும் காட்டோரக் கிராமத்துக்குப் போகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். விதைப்புக் கூட்டத்துக்குப் போங்கள். நட்டஈட்டு விண்ணப்பத்தைத் தமிழில் எழுதிக் கொடுங்கள். எழுதிய திகதியைக் குறித்து வைத்து, பதில் வரும்வரை காரியாலயத்தின் கதவைத் தட்டுங்கள். கட்டுத்துவக்கை ஒருவன் தானாகக் கழற்ற முன்வந்தால், அவனுடைய வயலுக்கு அன்றிரவு காவலிருக்க நால்வரை அனுப்புங்கள். அடுத்த காலபோக விதைப்புக்கு முன் நூறு வயல்வெளிகளிலாவது முதற்றீர்மானம் நிறைவேற வேண்டும். அந்த நூறு ஊர்களின் பெயரையும் இப்பத்திரிகையில் வெளியிட நாம் காத்திருக்கின்றோம்.